கவ்வாத்து வேலி

செட்டிகுளத்தில் வேலியில்லாத காணி மாட்டுக்குச் சொந்தம். உறுதியிலோ பெர்மிட்டிலோ யாருடைய பெயர் இருந்தாலும் நடைமுறை அதுதான். காலபோகம் விதைத்துவிட்டால் மாடுகளை வயற்கரையில் நிற்க விடமாட்டார்கள். அவை ஊர்மனைப் பக்கம் திரும்பும். அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு பச்சை தேடி மறுபடியும் வரும். ஆட்டுக்குக் காலநேரம் கிடையாது. அதனால் என் நேசரிக்குப் பூங்கன்று வாங்க வருகிறவர்கள் பூவின் நிறத்தைப் பிறகுதான் கேட்பார்கள். "அக்கா, இதை ஆடு தின்னுமோ?" என்பது முதல் கேள்வி. "எவ்வளவு காலத்தில மறைக்கும்?" என்பது இரண்டாவது. அதற்கப்புறம் தண்ணீர். கத்தியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் நான் படித்ததெல்லாம் கத்தியைப் பற்றித்தான்.

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகிற வீதியும் ரயில் பாதையும் எங்கள் ஊரை ஊடறுத்துப் போகின்றன. மழை ஐப்பசியில் பிடித்து மார்கழி, தை வரை நிற்கும். சித்திரையில் சிறுமாரி எட்டிப் பார்க்கும். சில வருடம் அதுவும் இல்லை. வைகாசியில் சோளகம் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் காற்றும் புழுதியும்தான். பூவேலியொன்று அந்த ஐந்து மாதத்தைத் தாண்டுமா என்பது, அதற்கு முந்திய தை மாசியில் அதை எப்படி வெட்டினோம் என்பதில் இருக்கிறது. ஆடியில் வாளி வாளியாக ஊற்றுகிற தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

அப்பா வேலி அடைக்கிறவர். கதியால் வேலை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று நாலு மரத்தையும் நன்றாக அறிந்தவர். 2005இல் அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிரென்று சீமைக்கிளுவையை அறிவித்தபோது அவர் சிரித்தார். வேலிக்கரையில் தானாக நின்ற மரத்துக்கு வந்த பவிசு அது. வெட்டிய கதியாலை அன்றே நடவிடமாட்டார். நிழலில் நிமிர்த்திச் சாத்தி நாலைந்து நாள் விட்டபிறகு, அலவாங்கால் குழி போட்டு ஒன்றரை அடி இறக்கி, சுற்றி மண்ணை இடித்து இறுக்குவார். அவசரக்காரர் கதியாலின் தலையில் அடித்து மண்ணுக்குள் இறக்குவார்கள். அடிப்பட்டை உரிந்துவிடும். வேர் அந்தப் பட்டையோரத்திலிருந்துதான் வரவேண்டும்; பட்டை போனால் கதியால் இலைவிட்டு ஏமாற்றிவிட்டு மாசியில் காய்ந்து நிற்கும்.

கதியாலும் பூக்கும். சீமைக்கிளுவை தை, மாசியில் இலையைக் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாகப் பூப்பதைப் பார்த்தவர்கள் அதைப் பூமரமில்லை என்று சொல்லமாட்டார்கள். முள்முருக்கு கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுகிற மரம். பூவரசின் மஞ்சள் பூ வாடும்போது சிவக்கும். ஆனாலும் கதியால் வேலிக்கு ஒரு குறை உண்டு. இலையெல்லாம் தலையில், அடி வெறுமை. அந்த அடியில் பொட்டு விழும். அதை அலம்பலாலோ கிடுகாலோ ஒவ்வொரு வருடமும் அடைக்க வேண்டும். கறையான் தின்னத் தின்ன அடைக்கிற வேலை அது. ஆடு வருவதும், கோழி போவதும், அயலட்டையில் சண்டை தொடங்குவதும் அந்தப் பொட்டு வழியாகத்தான். அப்பா பொட்டுகளில் செவ்வரத்தைக் கொப்பை ஒடித்துக் குத்திவைப்பார். அது தளைத்து, பூத்து, ஆள் உயரம் போய், அதுவும் அடியில் வெறுமையாகிவிடும்.

அடியை நிரப்புகிற வித்தை எங்களுக்கு மலைநாட்டிலிருந்து வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களிலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்த குடும்பங்கள் வவுனியாவைச் சுற்றிலும் எங்கள் பக்கத்திலும் காடு வெட்டிக் குடியேறின. அவர்களில் ஒரு தாத்தா எங்கள் ஒழுங்கையில் இருந்தார். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவர். நாட்டைவிட்டு நாடு வந்தமாதிரி எல்லாம் போட்டுவிட்டு வந்தவர், கவ்வாத்துக் கத்தியை மட்டும் கொண்டுவந்திருந்தார். நுனி வளைந்த கத்தி. அப்பா அடைத்த வேலியைப் பார்த்து அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது: "தேயிலையும் மரந்தான் புள்ள. உட்டா முப்பதடிக்கு மேல போகும். கத்திதான் அத இடுப்பு ஒசரத்துல நிக்க வைக்குது. ஒங்க செடிக்குக் கத்தி பத்தல."

அவரிடம் நான் கற்றது பாடமாக இல்லை. அவர் வெட்டுவார், நான் கொப்பு பொறுக்குவேன். கத்தி மழுங்கியிருந்தால் தொடவிடமாட்டார். வெட்டு வாய் சரிவாக இருக்கவேண்டும். மழைநீர் அதில் தேங்கக்கூடாது. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்டினால் கொப்பு வெளியே விரியும். உள்ளே பார்த்த கணுவுக்கு மேலே வெட்டினால் செடி தனக்குள்ளேயே பின்னிக்கொண்டு நடுவில் இலையில்லாமல் போகும். கிழட்டுச் செடியை அடியோடு வெட்டுகிறபோது இலையுள்ள ஒரு கொப்பை விட்டுவைப்பார். தோட்டத்திலும் அப்படித்தானாம், மற்றக் கொப்புகள் துளிர்த்த பிறகு அதையும் எடுப்பார்கள். இலையே இல்லாமல் நிற்கிற செடி வேரிலிருக்கிற சேமிப்பை மட்டும் தின்று துளிர்க்க வேண்டும். ஒரு கொப்பில் இலை இருந்தால் அது சமைத்துப் போடும்.

அந்தச் சேமிப்புத்தான் கதையெல்லாம். கவ்வாத்துக்கு நாள் வைக்குமுன் தேயிலையின் வேரைக் கீறி அயடின் தடவிப் பார்ப்பார்களாம். மாப்பொருள் இருந்தால் நீலம் கறுக்கும், வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் செடியை விட்டுவைக்க வேண்டும். எங்கள் நேசரியில் அயடின் இல்லை, நாட்காட்டி இருக்கிறது. மாரி முழுக்கக் குடித்துத் தழைத்த செடியின் வேர் தை கடைசியில் நிறைந்திருக்கும். மண்ணிலும் ஈரம் நிற்கும். பெரிய வெட்டு அப்போது. சித்திரையில் சிறுமாரி விழுந்தால் நுனிகளை மட்டும் தட்டலாம். ஆனியிலும் ஆடியிலும் செடி எவ்வளவு அலங்கோலமாகத் தெரிந்தாலும் கத்தி எடுக்கக்கூடாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் அந்த மாதங்களில்தான் வருவார்கள். வேலியை அழகாக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். காசும் கூடத் தருவார்கள். வெட்டினால் துளிர் வரும், சோளகம் அந்தத் துளிரைக் கருக்கும், செடி இரண்டாவது தரம் துளிர்க்கப் பார்க்கும், அதோடு சரி. அவர்களுடைய விமானம் போனபிறகு காய்ந்த வேலியோடு நிற்பது அம்மாவும் அப்பாவும்.

செவ்வரத்தை வேலி எப்படி வைப்பது என்று விரிவாகவே சொல்கிறேன். என்னிடம் கேட்டால் இந்த மண்ணுக்கு முதல் தெரிவு அதுதான். அடுக்குப் பூவும் பெரிய பூவுமான புதுவகைகள் வேலிக்கு ஆகாது, அவை சாடிக்கு. ஐந்திதழ்ச் சிவப்பு, பழைய ஊர்ச்செடி, அதுதான் வெட்டுத் தாங்கும். பென்சில் தடிப்பில், அதிகம் முற்றாத கொப்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டவேண்டும். மூன்று நாலு கணு இருக்கவேண்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். வேர் கணுவைச் சுற்றித்தான் விடும். மேலே இரண்டு இலை விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கி, ஆற்றுமணலும் தும்புத்தூளும் மேல்மண்ணும் கலந்த பையில் மூன்றில் இரண்டு பங்கு புதைத்து, தென்னோலைப் பந்தலுக்குக் கீழே வைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். மேலே துளிர் வந்துவிட்டதென்று பையைத் தூக்கி விற்கக்கூடாது. கொப்பிலிருந்த சேமிப்பில் வந்த துளிர் அது. பையின் அடியில் வெள்ளை வேர் தெரிந்தால்தான் கன்று.

நடுவது ஐப்பசி கார்த்திகை. தனித்தனிக் குழி வேண்டாம், வாய்க்காலாக வெட்டுங்கள். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அடியில் தென்னம்பொச்சை இரண்டு அடுக்கு, உட்குழிவு மேலே பார்க்கப் பரப்பவேண்டும். தென்னந்தோட்டக்காரர் மரத்தைச் சுற்றிப் புதைப்பது போலத்தான். மாரித் தண்ணீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேல்மண்ணோடு உக்கின மாட்டெருவோ ஆட்டுப்புழுக்கையோ கலந்து மூடி, ஒன்றரை அடிக்கு ஒரு கன்று, இரண்டு வரிசை, வரிசைக்கிடையில் ஒரு அடி. முதல் வரிசையின் இடைவெளிக்கு நேரே இரண்டாவது வரிசையின் கன்று வரவேண்டும். ஆறடிக்கு ஒரு கதியால், அதில் இரண்டு இழை முட்கம்பி. மாடு சாய்ந்து உரசினால் தாங்குவது அந்தக் கம்பி. முதல் இரண்டு வருடத்துக்கு அது இல்லாமல் முடியாது. பிறகு செடியே அதை விழுங்கிவிடும்.

இனித்தான் சண்டை. நட்டு வேர் பிடித்ததும், கன்று இரண்டடி உயரத்தில் முதல் மொட்டு விட்டு நிற்கிற நேரத்தில், நான் போய் ஒரு அடியில் வெட்டுவேன்.

"என்ன அக்கா, பூக்கப்போற செடியைப் போட்டு வெட்டிறியள்!"

"இப்ப வெட்டாட்டி அடியில கொப்பு வராது தங்கச்சி."

"ஒரு பூவைப் பார்த்திட்டு வெட்டுவமே?"

ஒரு பூவைப் பார்த்தபிறகு யாரும் வெட்டவிடுவதில்லை. நுனி இருக்கும்வரை அது கீழ்க்கணுக்களை உறங்க வைத்திருக்கும். நுனியை எடுத்தால் நாலைந்து கணு ஒன்றாக விழிக்கும். அந்த நாலைந்தும் ஒரு சாண் வளர்ந்ததும் பாதிக்கு வெட்டவேண்டும். இப்படி ஒவ்வொரு தரமும் பாதியை விட்டுக் கொடுத்து, பாதியை எடுத்து, இரண்டாவது மாரி முடியும்போது இடுப்பளவு வேலி வந்துவிடும், அடிமுதல் இலையோடு. ஒரு தரமும் வெட்டாமல் விட்டவருக்கும் அதே காலத்தில் ஆள் உயரம் வந்திருக்கும். அவர் வென்றதுபோலத்தான் தெரியும். குனிந்து பார்த்தால் தண்டு தண்டாகத் தெரியும், ஆட்டுக்கு வாசல் திறந்திருக்கும். அந்த நிலையில் என்னைக் கூப்பிட்டால் செய்ய ஒன்றுதான் உண்டு: மறுபடி ஒரு அடிக்கு இறக்குவது. அதாவது தொடங்கின இடத்துக்கு வருவது.

வேலியின் உருவமும் முக்கியம். அடி அகலம், தலை ஒடுக்கம். தலை அகன்றால் அடிக்கு வெயில் படாது. வெயில் படாத இலையைச் செடி வைத்திருக்காது. நூல் பிடித்து வெட்டுகிற பெடியங்கள் கூடத் தலையைத்தான் நேராக்குவார்கள், பக்கச் சரிவைக் கவனிக்கமாட்டார்கள்.

இந்தத் தொழில் ஒரு நேசரியாகப் பெருகினது போருக்குப் பிறகுதான். 2009இல் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மனிக்பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். காடு வெட்டித் துடைத்த செம்மண் நிலம். வலயத்துக்கு வலயம் கதிர்காமர், அருணாசலம், இராமநாதன், ஆனந்த குமாரசுவாமி என்று பெரியவர்களின் பெயர்கள். அந்த வருடக் கடைசியில் பாஸ் கொடுத்து வெளியே விடத் தொடங்கியபோது செட்டிகுளம் சந்தைக்கு வந்த பெண்கள் திரும்பும்போது எங்கள் வேலியில் கொப்பு ஒடித்துக்கொண்டு போனார்கள். கேட்டு ஒடித்தவர்களும் உண்டு, கேட்காமல் ஒடித்தவர்களும் உண்டு. தறப்பாள் கொட்டிலுக்கு வாசலில் குத்தி வைக்க. முகம் கழுவின தண்ணீரில் அது தளைத்தது என்று ஒரு அம்மா சொன்னார்.

பிறகு ஊர் திரும்பத் தொடங்கினார்கள். 2012 செப்ரெம்பரில் முகாமை மூடியபோது கடைசியாக ஏற்றப்பட்ட கேப்பாப்பிலவுச் சனம் சொந்த ஊருக்குப் போகவில்லை, சீனியாமோட்டைக்குத்தான் போனார்கள். திரும்பினவர்களுக்கு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கூரைக்கும் அது போதாமல் நகை அடைவு வைத்தவர்கள் பலர். வேலிக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பழைய கதியால் வேலிகள் எரிந்தும் பிடுங்கியும் போயிருந்தன. எல்லை எதுவென்று தெரியாத காணிகள். மதில் கட்ட வசதியில்லை, தகரம் விலை. மலிவாகக் கிடைப்பது கன்று. கொப்பு ஒடித்துக் கொண்டுபோன அதே பெண்களில் சிலர் பஸ் பிடித்து வந்து ஈரச்சாக்கில் சுற்றி நூறு இருநூறு வெட்டுத்துண்டு வாங்கிப்போனார்கள். காசு பிறகு வந்தது. சிலரிடமிருந்து மாம்பழம் வந்தது.

அவர்கள் கேட்டதெல்லாம் ஆடு தின்னாத பூ. செவ்வரத்தையை ஆடு தின்னும், அதில் ஒளிவுமறைவில்லை. கடதாசிப்பூவுக்கு முள் இருக்கிறதென்று நம்புகிறார்கள், இளந்துளிரை ஆடு முள்ளோடு சேர்த்து மேயும். என் கைக்கணக்கு ஒன்று உண்டு: ஒடித்தால் பால் வடிகிற செடியை ஆடு மணந்துவிட்டுப் போகும். நந்தியாவட்டை அந்த வகை. மெதுவாக வளரும், நிழலைத் தாங்கும், வெட்டைத் தாங்கும், வெள்ளைப்பூ இருட்டிலும் தெரியும். அதற்கு வருகிற சத்துரு ஆடல்ல, விரல் தடிப்பில் பச்சைப் புழு. தலைப்பக்கம் நீலக் கண் வரைந்ததுபோல இருக்கும். மருந்தடிக்க வேண்டியதில்லை, காலையில் கையால் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். அலரியிலும் அதே புழு வரும். அந்தப் புழுவைக் கோழிக்குப் போடவேண்டாம், அலரி நஞ்சு.

அலரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வறட்சிக்கு அதைவிட நல்ல பூஞ்செடி கிடையாது. சோளகத்திலும் பூக்கும். ஆனால் இலை, கொப்பு, பூ, பால் எல்லாம் நஞ்சு, காய்ந்த பிறகும் நஞ்சு. பச்சையாக நிற்கும்போது கசப்பென்று விலகுகிற மாடு, வெட்டிப்போட்டு வாடின கொப்பைப் பசியில் கடித்துவிடும். அதனால் அலரி வெட்டுகிற அன்றே கொப்பை அள்ளிப் புதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அடுப்புக்கும் கொடுப்பதில்லை, புகையும் கூடாது. மஞ்சள் அலரியை நேசரிக்குள் எடுப்பதே இல்லை. வடக்கில் வேலிக்கரை எங்கும் நிற்கிற மரம்தான். அதன் நஞ்சு இருதயத் துடிப்பைக் குழப்பும். 1980கள் தொடங்கி அந்த மரத்தால் இளம்பிள்ளைகள் பலரை நாங்கள் பறிகொடுத்திருக்கிறோம். மஞ்சள் பூ வேண்டுமென்று வருகிறவருக்கு டெக்கோமா கொடுக்கிறேன்.

நாயுண்ணியை வேலியாக வைக்கலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். ஆடு தொடாது, வருடம் முழுக்கப் பூ, வண்ணத்துப்பூச்சி வரும், எல்லாம் சரி. 1826இல் அழகுக்காகப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்த செடி அது. குருவி தின்று விதைத்து இன்று காடெல்லாம் மண்டிக் கிடக்கிறது. எங்கள் குளக்கட்டுகளில் அதை வெட்டி முடிப்பதில்லை. அந்தப் பாவத்துக்கு நான் கூட்டில்லை. துரந்தா இப்போது எல்லோரும் கேட்கிற செடி. பொன்னிற இலை, பெட்டி போல வெட்டலாம். வெட்டிக்கொண்டே இருப்பதால் அதன் நீலப்பூவை ஒருவரும் பார்ப்பதில்லை. அரச அலுவலக வாசல்களுக்கு அது பொருத்தம்.

எக்ஸோரா எனக்கு மிகவும் பாடம் படிப்பித்த செடி. நம் நாட்டுக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான வெட்சிதான், காட்டோரங்களில் தானாக நிற்கும். அதே செடியை வீட்டில் வைத்தால் ஒரு வருடத்தில் இலை வெளுக்கும்: நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள். சனம் பசளை போதாதென்று யூரியா போடுவார்கள், இன்னும் மோசமாகும். காரணம் கிணற்றில் இருக்கிறது. எங்கள் பக்கத் தண்ணீர் வன்தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை ஒட்டும். சிறுநீரக நோய்க்குப் பயந்து குடிப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீர் வாங்குகிற ஊர் இது. அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணின் புளிப்புக் குறைகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போகிறது. செம்மண்ணில் நின்றுகொண்டு இரும்புக்குப் பஞ்சம்! மதிலுக்கு ஒட்டி நட்டால் இன்னும் கெதியாக மஞ்சளாகும், சீமெந்துச் சுண்ணாம்பும் சேர்ந்து ஊறுவதால். அடுப்புச் சாம்பல் செவ்வரத்தைக்கு நல்லது, எக்ஸோராவுக்கு அதைப் போட்டால் சுண்ணாம்பு போட்ட மாதிரித்தான். ஆர்.ஓ. நிலையத்தில் கழிவாக வெளியே விடுகிற தண்ணீரைச் செடிக்கு என்று பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு; உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான்.

செய்யக்கூடியது: மதிலிலிருந்து மூன்றடி தள்ளி நடுவது, காட்டோரத்து இலைமக்கை அடியில் தடிப்பாகப் போடுவது, கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து எக்ஸோராவுக்கு ஒதுக்குவது, மஞ்சள் தொடங்கினால் இரும்புச் சல்பேற்றைத் தண்ணீரில் மெல்லிதாகக் கரைத்து மாலை நேரத்தில் இலையில் தெளிப்பது. அது இலையைப் பச்சையாக்கும், மண்ணை மாற்றாது. திரும்பத் திரும்பத் தெளிக்கவேண்டி வரும். முழு எல்லைக்கும் எக்ஸோரா வேலி கேட்கிறவரிடம் வாசலுக்கு இரண்டு பக்கமும் மட்டும் வையுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பூச்சிகளில் வெண்மூட்டுப்பூச்சியைவிட எனக்குக் கோபமூட்டியது இல்லை. 2008இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கைக்குள் புகுந்து, பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை, குரோட்டன் என்று வெள்ளைப் பஞ்சாக அப்பியது. அடுத்த வருடம் விவசாயத் திணைக்களம் அதன் உடம்புக்குள் முட்டையிடுகிற சிறு குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து எடுப்பித்து விட்டது. அதற்குப் பிறகுதான் அடங்கியது. கண்டதற்கெல்லாம் கடும் மருந்து அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும். நான் செய்வது, சுருண்ட நுனிகளை வெட்டி எரிப்பது, சவர்க்காரத் தண்ணீரை வேகமாகப் பீச்சுவது, வேப்பங்கொட்டைக் கரைசல். பிறகு எறும்பைப் பார்க்கவேண்டும். தேன்போல வடிகிற கழிவுக்காக எறும்புகள் அந்தப் பூச்சியைக் காவல் காத்து, கொப்புக்குக் கொப்பு தூக்கிக்கொண்டு போகும். எறும்பு ஏறுகிற வழியைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது எங்களுக்குக் கன்று வளர்ப்பதில் பெரிய இடி விழவில்லை. ஆனால் வயல்காரர் எல்லோரும் ஆட்டெரு தேடி அலைந்ததில் எங்களுக்கு எருவே கிடைக்காமல் போயிற்று. நவம்பரில் தடையை எடுத்தார்கள், எருவின் விலை இறங்கவில்லை.

இனிப் பூவும் வேலியும் ஒன்றுக்கொன்று பகை என்கிற விஷயத்துக்கு வருகிறேன். செவ்வரத்தை புதுக்கொப்பின் மேல்கணுக்களில் மொட்டு வைக்கும், எக்ஸோரா நுனியிலேயே வைக்கும். மாதம் தவறாமல் பெரிய கத்தரிக்கோலால் மட்டம் தட்டினால் வேலி சுவர்போல நிற்கும், பூ வராது. தட்டாமல் விட்டால் பூ வரும், வேலி குலையும். நான் கண்ட வழி, வேலிக்கு இரண்டு முகம் வைப்பது. வீதிப் பக்கத்தைக் கத்தரிக்கோலால் தட்டையாக வெட்டி இறுக்கமாக வைப்பேன். முற்றத்துப் பக்கத்தில் கத்தரிக்கோல் படாது. கத்தியால் ஒவ்வொரு கொப்பாகப் பார்த்து, மூன்றில் ஒன்றை உள்ளே ஆழமாக வெட்டி, மற்ற இரண்டையும் பூக்க விடுவேன். அடுத்த தரம் பூத்து முடிந்த கொப்பின் முறை. தேயிலை வெட்டின தாத்தாவுக்கு இது பிடித்திருக்காது. அவருக்குப் பூத்த தேயிலை பராமரிப்பில்லாத தேயிலை. நவராத்திரி வருகிற புரட்டாதியில் காய்ந்த காலத்திலும் கொலுவுக்குப் பூ இருப்பது இந்த உள்முகத்தால்தான்.

வீதியால் போகிறவர்களுக்குப் பச்சை, வீட்டுக்காரருக்குப் பூ. இதில் இன்னொரு வசதி. எங்கள் ஊரில் வேலிப்பூவைக் கேட்காமல் பறிப்பது களவில் சேர்த்தி இல்லை. விடியப்புறம் கோயிலுக்குப் பூவெடுக்கிறவர்கள் பையோடு வருவார்கள். பிள்ளையாருக்கென்றால் யார் வாய் திறப்பது? பூ உள்ளே பார்த்துப் பூத்தால் பிள்ளையாரும் படலையைத் தட்டித்தான் கேட்கவேண்டும்.

கண்பார்வை படாத ஒரு வேலை, அடியைத் துப்புரவாக வைப்பது. வேலிக்குப் பாம்பு வரும் என்பது பூவேலியை வேண்டாமென்கிறவர்கள் சொல்கிற முதற் காரணம். புடையன் உள்ள ஊரில் அதைச் சிரித்துத் தள்ள முடியாது. உக்காத சருகும் வெட்டின கொப்பும் அடியில் குவிந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும். வேரை மூடுகிற இலைமக்கு வேறு, குப்பை வேறு. கையை அடியில் விடுமுன் தடியால் தட்டுவது என் வழக்கம். என்னிடம் வேலை பழகின பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லாமல் கத்தி கொடுத்ததில்லை.

ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போய்வருகிற தென்பகுதிச் சனம் வீதியோரத்தில் வானை நிறுத்திக் கன்று கேட்பார்கள். செவ்வரத்தையையும் எக்ஸோராவையும் சிங்களத்தில் வத மல், ரத்மல் என்று கேட்பார்கள், எடுத்துக் கொடுப்பேன். அவர்களுடைய ஊரில் மழை இருக்கும், கொண்டுபோய் நட்டால் பிழைக்கும். அதே நாளில் மன்னார்ப் பக்கத்து ஆள் கேட்டால், இப்போது முற்பணம் தாருங்கள், கார்த்திகையில் வந்து எடுங்கள் என்பேன். வியாபாரம் தெரியாதவள் என்று வீட்டில் ஏச்சு விழும்.

கடைசியாக, காசு விஷயம். முன்பெல்லாம் கன்றுக்கு ஒரு விலை, வெட்டுக்கு வந்தால் கூலி என்று இருந்தேன். கன்றை வாங்குவார்கள், வெட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். கூலி மிச்சமென்று நினைத்தோ, மொட்டைப் பார்த்து இரங்கியோ. இப்போது செட்டிகுளத்துக்குள்ளும் நெளுக்குளம் வரையிலும் வேலிக்கென்று கன்று எடுக்கிறவர்களுக்கு முதல் இரண்டு வெட்டும் விலைக்குள் சேர்ந்தது. நாள் நான் வைப்பேன், கத்தி என்னுடையது, அன்றைக்கு எத்தனை மொட்டு நின்றாலும் பேச்சில்லை. கன்றை ஏற்றுமுன் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கிறேன். ஒப்புக்கொள்ளாதவருக்குச் சாடிக்கு ஒரு அடுக்குச் செவ்வரத்தை கொடுத்து, வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதியால் எங்கே வெட்டலாமென்று வழி சொல்லி அனுப்புகிறேன்.